கோர்ட்டை விட்டுக்கொடுத்த வக்கீலம்மா

செவ்வாய்க்கிழமை காலை நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஆனைக்குட்டத்திலிருந்து மாரியம்மாள் அழைத்தார். சிவகாசி அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலை செய்பவர். "ஐயா, நம்ம வக்கீலம்மா போயிட்டாக. தூக்கத்துலயே உசுரு பிரிஞ்சிருச்சாம்" என்றார். அதோடு வைத்துவிட்டார். வழக்கறிஞர் ஜெயராணிக்கு ஐம்பத்தாறு வயதுதான்.

அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய சிரிப்பும், வாதத்தின் நடுவே மூக்குக் கண்ணாடியைத் தேடும் பழக்கமும் நினைவிருக்கும். எனக்கு அவர் எதிர்த்தரப்பு வக்கீல். நாங்கள் மோதியது ஒரே ஒரு வழக்கில்.

மாரியம்மாளின் அச்சகம் லண்டன் பதிப்பகம் ஒன்றுக்காகக் குழந்தைகளின் படப் புத்தகங்களை அச்சிட்டு அனுப்பியது. அங்கே பெட்டியைத் திறந்தால் தாள்கள் கழன்று கழன்று வந்தன. பசை மட்டம் என்று பதிப்பகம் லண்டனில் வழக்குப் போட்டது. இங்கேதான் விசாரிக்க வேண்டும் என்று அச்சகத்துக்காக ஜெயராணி நம் மாவட்ட நீதிமன்றத்தை நாடினார். பதிப்பகத்துக்காக நான் எதிர்த்தேன்.

"பசை தடவுனவுக எல்லாரும் சிவகாசியில இருக்காக. லண்டனுக்கு யாரு கூட்டிட்டுப் போறது?" என்று வெளியே என்னிடம் கேட்டார். பசை காயும் முன்பே புத்தகங்களை அடுக்கச் சொன்னவர் பதிப்பகம் அனுப்பிய ஆய்வாளர் என்பது பைண்டிங் செய்த பெண்களின் வாதம். அதற்கு அவர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. தகராறு வந்தால் லண்டன் நீதிமன்றமே விசாரிக்கும் என்று பதிப்பகத்தின் ஆர்டரிலேயே நிபந்தனை உண்டு என்றோம் நாங்கள். ஆனால் அச்சகம் அதை ஏற்றதற்கான ஆதாரத்தை என் கட்சிக்காரர் எங்கோ தொலைத்திருந்தார். வழக்கு ஜெயராணி பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அச்சகத்தின் பழைய மின்னஞ்சல்களில் அந்த ஆதாரம் அவர் கண்ணில் பட்டது. எல்லா நிபந்தனைகளும் சம்மதம் என்று முதலாளியே எழுதியிருந்தார். அன்று நடந்த பேச்சைப் பின்னாளில் அந்த முதலாளியே என்னிடம் சொன்னார்.

"அவுககிட்டயே இல்லம்மா. நாம ஏன் எடுத்துக் குடுக்கணும்?"

"கையில இருக்கிற ஆவணம் எல்லாம் காட்டியாச்சுன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீக அண்ணாச்சி. இதையும் வைப்போம். இல்லன்னா வேற வக்கீலப் பாத்துக்கோங்க."

முதலாளி ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றிருக்கிறார். அடுத்த வாய்தாவில் ஜெயராணியே அந்தத் தாளை நீதிபதியிடம் நீட்டினார். வழக்கு லண்டனுக்கே போனது. ஜெயித்தவன் நான், அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

வராந்தாவில் அவரே என்னை நிறுத்தினார். "அண்ணே, கோர்ட்ட விட்டுக்குடுத்துட்டேன். சாட்சிய விடமாட்டேன். இவுக இங்கன இருந்தே வீடியோவுல பேசட்டும். உங்க கம்பெனிய ஒத்துக்கிடச் சொல்லுங்க."

பதிப்பகம் முதலில் மறுத்தது. தனக்குப் பாதகமான தாளைத் தானே கொடுத்தவர் பொய்ச்சாட்சி கொண்டுவர மாட்டார் என்று எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள்.

சூலக்கரையில் வாடகைக்கு எடுத்த அறையில், திரைக்கு முன்னால் மாரியம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தார். "கோர்ட்டு எந்த ஊரா இருந்தா என்ன? நடந்ததச் சொல்லுங்க" என்றார் ஜெயராணி. மொழிபெயர்ப்பாளர் மூலம் கேள்வி வந்தது.

"பசை கையில ஒட்டுதுன்னு அந்த சாருகிட்ட காமிச்சேன்யா. கப்பலு போயிரும், அடுக்குங்கன்னாரு. நாங்க எம்புட்டோ சொன்னோம்."

‘எம்புட்டோ’வில் மொழிபெயர்ப்பாளர் தடுமாறினார். மாரியம்மாள் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். லண்டன் நீதிபதி தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

பசையில் குறையில்லை, ஆய்வாளரின் அவசரமே காரணம் என்று அச்சகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஜெயராணியை அழைத்து வாழ்த்தினேன். "உங்களுக்குச் சங்கடமாத்தான் இருக்கும்ணே" என்றார். இல்லை என்றேன். கொஞ்சம் இருந்தது.

வெளிநாட்டு வழக்கென்றால் நிபந்தனையை மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். இப்போது, பேச வேண்டியவர் யார், அவரால் பேச முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறேன். நான் எழுதும் ஒவ்வொரு ஏற்றுமதி ஒப்பந்தத்திலும், எந்த நாட்டு நீதிமன்றம் விசாரித்தாலும் சாட்சிகள் தங்கள் ஊரிலிருந்தே தங்கள் மொழியில் பேசலாம் என்று சேர்த்துவிடுகிறேன். என் குமாஸ்தா அதை ‘ஜெயராணியம்மா வாசகம்’ என்பார். இதை ஜெயராணியிடம் எப்போதாவது சொன்னேனா என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவே இல்லை.