போணிக்கு முன்னால் சாம்பிள் கிடையாது

1. மூடிய கிண்ணம்

கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அந்த அம்மாள் ஸ்பூனை நீட்டிக்கொண்டு நின்றார். செல்வி ஊறுகாய்க் கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி, தட்டின் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"கோச்சுக்காதீங்க மதாம். இன்னும் போணி ஆவல. மொத வியாபாரம் ஆவறதுக்கு முன்னாடி சும்மா எடுத்துக் குடுத்தா, அன்னிக்குப் பொழுதே படுத்துரும்."

பக்கத்தில் நின்ற நிவேதாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாளைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தவள் அவள்தான். அந்த அம்மாள் போய்விடுவாரோ என்று எனக்கும் பயம். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2. நாங்கள் மூவரும்

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் ஹோட்டல், கொச்சியில் ஐஸ் லாரி, பிறகு நோணாங்குப்பம் படகுத் துறையில் வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலை. சில வேலைகள் என்னை விட்டன, சிலவற்றை நான் விட்டேன். இடையில் பட்டினியும் கிடந்திருக்கிறேன். எல்லோரும் கிடப்பதுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியோடு சேர்ந்த தொழில்முனைவோர் மையத்துக்கு வேன் ஓட்ட வந்தேன். வீட்டிலேயே தொழில் செய்யும் பெண்களிடம் மாணவர்களைக் கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வர வேண்டும். வேனில் சும்மா காத்திருப்பது எனக்கு ஆகாது. நானும் உள்ளே போய் உட்கார்ந்து பேச்சைக் கேட்பேன். அப்படியே ஃபீல்டு வேலையும் என் தலையில் விழுந்தது.

மையத்தின் முறை இதுதான். ஒரு செமஸ்டருக்கு ஒரு மாணவியும் ஒரு பெண் தொழில்முனைவோரும் ஜோடி. லைசென்ஸ், லேபிள், அடக்க விலைக் கணக்கு, ஆர்டர் பிடிப்பது எல்லாவற்றிலும் மாணவி கூட நிற்பாள். கடை எப்படி நடக்கிறது என்பதை அந்தப் பெண்ணிடமிருந்து கற்றுக்கொள்வாள். பி.காம். இரண்டாம் ஆண்டு நிவேதாவுக்கு வாய்த்த ஜோடி, வீராம்பட்டினத்துச் செல்வி. தயாரிப்பு எறா ஊறுகாய், அதாவது இறால் ஊறுகாய்.

செல்வி அதுவரை புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் ஷிஃப்ட் பார்த்தவர். நின்றுகொண்டே செய்யும் வேலை. கால் வீங்கிப்போய் வீடு திரும்புவார். ஊறுகாயை நம்பி அதை விட்டார். "மாசக் கடைசி வரைக்கும் ஒன் எடத்த வெச்சிருக்கேன். அப்பறம் வந்து அழுவாத" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். கடைகளில் பாட்டில் போவதும் உண்டு, தூசி பிடித்துத் திரும்பி வருவதும் உண்டு. தவறாமல் வாங்கும் வாடிக்கை ஒன்று அந்த மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் மறுபடியும் ஷிஃப்ட்தான்.

கெஸ்ட் ஹவுஸ் அம்மாள் பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். பாரிஸிலிருந்தும் ரெயூனியன் தீவிலிருந்தும் வந்து அங்கே தங்குகிறவர்களுக்குக் காலைச் சாப்பாட்டில் உள்ளூர்ப் பண்டம் ஒன்று வைக்க அவருக்கு ஆசை. அவரைத்தான் கல்லூரிக் கண்காட்சிக்கு, செல்வியின் ஸ்டாலுக்கு நிவேதா அழைத்திருந்தாள். அவரும் காலையிலேயே, முதல் ஆளாக வந்துவிட்டார்.

3. செல்லாத கைகள்

நிவேதா செல்வியின் காதருகே குனிந்தாள். குனிந்தாளே தவிர, குரல் குறையவில்லை.

"அக்கா, கிளாஸ்ல என்ன சொன்னாங்க? வர்றவங்க எல்லாருக்கும் சாம்பிள் குடுக்கணும்னு சொல்லல?"

"குடுக்கறேன் பாப்பா. ஒரு போணி ஆவட்டும், கிண்ணத்தையே தூக்கிக் குடுத்துர்றேன்."

"அப்ப நான் ஒண்ணு வாங்கறேன். இந்தாங்க."

"நீ நம்ம ஆளு. நம்ம கடைக்கு நாமளே போணி பண்ணிக்கறதா? நல்ல கதையா இருக்கே."

நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன்.

"அண்ணே, நீங்க வேணவே வேணாம். எந்த வேலையிலயும் தங்காத கை உங்களுது. அப்பறம் என் கடையும் ஊர் ஊரா சுத்தும்."

பக்கத்து ஸ்டாலில் சணல் பை விற்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

அந்த அம்மாள் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஸ்பூனை மேசைமேல் வைத்தார்.

"சரிம்மா. நானே போணி பண்றேன். ஒரு பாட்டில் எடு" என்று ஸ்கேன் செய்யப் போனை எடுத்தார்.

"மதாம், போணிக்கு மட்டும் கையில காசா குடுங்களேன். போன்ல வந்தா எதை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கறது?"

"நோட்டு எடுத்துட்டு வர்லியே. பர்ஸ்ல போன தடவ பாரிஸுக்குப் போயிட்டு வந்த ஈரோதான் கெடக்கு. ஒத்திக்கறியா?"

"அய்யய்ய, அத நான் எங்க போய் மாத்துவேன்!"

அதற்குள் பணம் வந்து செல்வியின் போன் சத்தம் கொடுத்தது. செல்வி ஒரு கணம் யோசித்தார். போனை எடுத்து, திரையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு கிண்ணத்தின் மேலிருந்த தட்டை எடுத்தார்.

4. காசு கொடுத்தவரின் நாக்கு

அம்மாள் கிண்ணத்தைத் தொடவில்லை. வாங்கிய பாட்டிலையே திறந்து, ஒரு ஸ்பூன் வாயில் போட்டார்.

"உப்பு ஜாஸ்தி."

"எறா ஊறுகான்னா அப்படித்தான் மதாம். கெடாம நிக்கணும்ல?"

"துட்டு குடுத்து வாங்கினவ சொல்றேன், கேட்டுக்க. எங்க வீட்டுக்கு வர்றவங்க பிரெட்டுல வெச்சித் திம்பாங்க. சோறு கெடையாது. அதுக்கு இந்த உப்பு ஆவாது. எறாவும் கட்டி கட்டியா கெடக்கு, பொடிசா நறுக்கு. சரியா வந்தா எடுத்துட்டு வா, பாக்கலாம்."

அவர் போனதும் செல்வி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போணியும் பண்ணிட்டு வைஞ்சிட்டும் போவுது பாரு. நீ முன்னாடி காலேஜ் பூரா சும்மா குடுத்துக் கேட்டியே பாப்பா, ஒருத்தராவது உப்புன்னு சொன்னாங்களா?"

"சும்மா வாங்கித் தின்னவங்க எப்படிக்கா சொல்வாங்க? எல்லாரும் சூப்பர்னாங்க. ஒருத்தர்கூடப் பாட்டில் வாங்கல."

செல்வி ஒரு ஸ்பூன் ஊறுகாயை வெறும் வாயில் போட்டுக்கொண்டார். சோறில்லாமல் அதை அவர் சாப்பிட்டதே இல்லை. நாங்களும்தான். அவர் முகம் கோணியது.

"ஆமாண்டி. கரிக்குது."

உப்பைக் குறைத்தால் கெட்டுப்போகும் என்பதும் உண்மைதான். நிவேதா உணவுத் தொழில்நுட்ப ஆசிரியையிடம் போய்க் கேட்டாள். வினிகரைக் கூட்டச் சொன்னார், எறாவின் ஈரம் போக வறுக்கச் சொன்னார், ஃபிரிட்ஜில் வைக்கும்படி லேபிளில் போடச் சொன்னார். முதல் முறை புளித்துத் தள்ளியது. செல்வி வினிகர் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, பக்குவத்தைப் பிடித்தார்.

புதுப் பாட்டிலைக் கெஸ்ட் ஹவுஸுக்கு நான்தான் கொண்டுபோனேன். வேனில் ஏறும்போது செல்வி ஜன்னலைத் தட்டினார்.

"அண்ணே, காசு வாங்காம குடுத்துறாதீங்க. சும்மா குடுத்தா, நல்லாருக்குன்னு சொல்லிட்டு அலமாரில வெச்சிருவாங்க."

எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். அம்மாள் சிரித்துக்கொண்டே கொடுத்தார். சமையற்கட்டில் நின்றபடியே ரொட்டித் துண்டில் தடவிச் சாப்பிட்டார். நிதானமாக இன்னொரு துண்டும் சாப்பிட்டார்.

"ம். இது சரி. வாரா வாரம் போடச் சொல்லு."

தெருவுக்கு வந்ததும் செல்விக்குப் போன் செய்தேன். "வாரா வாரமா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "சரி, வெச்சிருங்கண்ணே. எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கச் சொல்லி சூப்பர்வைசருக்குச் சொல்லணும்" என்றார்.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

இப்போது எங்கள் ஸ்டால்களில் இலவச சாம்பிள் கிடையாது. சின்னக் கப்பில் போட்டுச் சின்ன விலைக்கு விற்கிறோம். காலையில் போணி ஆகும்வரை நிவேதாவின் ஜூனியர்கள்கூட யாருக்கும் எதையும் சும்மா நீட்டுவதில்லை. அவர்களுக்குப் போணியில் நம்பிக்கை உண்டா என்று நான் கேட்டதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சும்மா சாப்பிட்டுவிட்டுப் புகழ்கிறவர் நல்லவர், அவரைச் சிரித்து அனுப்பிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிப்போனவர் திரும்பி வந்து குறை சொன்னால், நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அவருக்கு இன்னொரு தடவை வாங்க எண்ணம் இருக்கிறது. இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் நடந்து வந்து சொல்ல மாட்டார்.