சித்திரவேலுவின் வலது கை

என் கட்சிக்காரரை நானேதான் தோற்கடித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் அல்ல... நான்!

புதுக்கோட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக, வேலையில் அடிபட்டவர்களுக்கும் முதலாளிகளிடம் அல்லல்படுபவர்களுக்கும் வழக்காடுகிறேன். ஏழைகளின் வக்கீல் என்பார்கள். அந்தப் பேரை நீங்களும் நம்பியிருக்கலாம். முழுவதும் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. சந்தேகம். தொழில் தொடங்கிய காலத்தில், கால் முடமானதாகச் சொன்ன ஒருவருக்கு வழக்கை ஜெயித்துக் கொடுத்தேன். அவர் விடைபெற்றுப் போனதும் என் மாடி அலுவலக ஜன்னல் வழியே பார்த்தால், திருக்கோகர்ணம் டவுன் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிக்கிறார்! அன்றிலிருந்து யார் வந்து போனாலும் ஜன்னலோரம் போய் நிற்பேன். மாடியில் நொண்டியவர் தெருவிலும் நொண்டுகிறாரா? பார்க்காமல் எனக்கு நிம்மதி கிடையாது.

சித்திரவேலு இலுப்பூர்ப் பக்கத்துக்காரர். கல் உடைக்கும் கிரஷரில் கூலி வேலை. பெல்ட்டில் சிக்கி வலது கை தோளிலிருந்து செயலிழந்துவிட்டது என்றார். குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தார் என்றது முதலாளி தரப்பு. இழப்பீடு கிடைத்தால்தான் அவரும் மனைவி பழனியம்மாளும் இரண்டு பெண் பிள்ளைகளும் பிழைக்க முடியும். மருத்துவச் சான்றிதழ் இருந்தது. சான்றிதழ் வாங்குவதா பெரிய காரியம் என்றது என் புத்தி.

முதல் நாள் விடைபெறும்போது அவர் இரு கைகளையும் கூப்பினார். தூக்கவே முடியாத கை மார்பு வரை எப்படி வந்தது? கேட்கவில்லை. மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஆடியில் அவர்கள் ஊர் அம்மனுக்குத் திருவிழா. அன்போடு அழைத்தார்கள். வர இயலாது என்றேன். ஆனால், போனேன்! சொந்தக் கட்சிக்காரரை வேவு பார்க்க, கூட்டத்தின் கடைசியில் ஒளிந்து நின்றேன். தீபாராதனை நேரம். தலைகளுக்கு மேலே சித்திரவேலுவின் இரு கைகளும் உயர்ந்து குவிந்திருந்தன. அந்த வலது கையும்தான்!

எனக்குக் கோபம் வந்ததா? இல்லை. மகிழ்ச்சி வந்தது. இம்முறை நான் ஏமாறவில்லை என்ற கேவலமான மகிழ்ச்சி!

அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே... கேட்டால் இன்னொரு பொய் சொல்வார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

விசாரணையன்று கிரஷர் மேஸ்திரி சாட்சிக் கூண்டேறி, குடியையும் வண்டியையும் ஒப்பித்தார். நாலு கேள்வியில் அவரைத் திணறடித்திருப்பேன். கேள்விகளை எழுதியும் வைத்திருந்தேன். எழுந்து, குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் நின்ற சித்திரவேலுவுக்கு அதன் பொருள் தெரியாது. நான் ஏதோ திட்டத்தோடுதான் செய்கிறேன் என்று நம்பித் தலையாட்டினார்.

வழக்கு தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கான கெடுவையும் வாய் திறக்காமல் கடத்தினேன்.

அதன் பிறகு ஒருநாள், காகிதங்களைத் திரும்ப வாங்க இருவரும் வந்தார்கள். கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசை எனக்கு இன்னும் அடங்கவில்லை. திருவிழாவில் சாமியை நன்றாகக் கும்பிட்டீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

பழனியம்மாள் சொன்னார்: "ஆத்தாவ ஒத்தக் கையால கும்புடக் கூடாதுங்களே. நாந்தான் பின்னால நின்னு, முழங்கையில தாங்கி அந்தக் கையத் தூக்கிப் பிடிச்சேன். வலி தாங்காம பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னாருங்க."

காகிதக் கட்டை எடுத்து நீட்டினேன். சித்திரவேலுவோ எனக்கு ஆறுதல் சொன்னார்: "ஒங்களால முடிஞ்சதச் செஞ்சீங்க சார். எங்க நேரம், நீங்க என்ன பண்ணுவீங்க."

பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பற்றி, மெல்ல மார்புக்கு உயர்த்தி, விரல்களைச் சேர்த்து என்னைக் கும்பிட்டார். முதல் நாளும் இப்படித்தான் கும்பிட்டிருப்பார். கூப்பிய கைகளைப் பார்த்த நான், அவை கூடிய விதத்தைப் பார்க்கவே இல்லையே!

அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதுகூடப் பாரத்தை இறக்கவா, யோக்கியன் என்று பேர் வாங்கவா? என்னையே நான் நம்பவில்லை.

இன்னும் ஒன்று... அன்று அவர்கள் படியிறங்கியதும் என் கால்கள் என்னை ஜன்னலுக்குக் கொண்டுபோயின. எல்லாம் தெரிந்த பிறகும்! கீழே தெருவில் அவர், மனைவியின் பின்னால் நடந்து போனார். நான் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன், அது அசைகிறதா என்று.