நான்கு பொன்னாடைகள்

ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். நீடாமங்கலம் கல்யாண மண்டபத்தில் மின்விசிறி ஓடுகிறது என்பதால் உள்ளே போய் உட்கார்கிறேன். வளர்ந்து வரும் கலைஞரின் செல்லோ கச்சேரி என்கிறது பேனர். மேடையில் ஒரு இளம்பெண், பெரிய வயலின் போன்ற செல்லோவுடன் தயாராக இருக்கிறாள். சபா செயலாளர் தொடங்க விடவில்லை.

“பக்கவாத்தியக்காரங்க வந்துரட்டும்மா.”

“யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்.”

அவர் கையில் நான்கு பொன்னாடைகள்.

ஒரு மணி நேரம் வாசிக்கிறாள். மிருதங்கத் தனியின்போதுதான் காபிக்கு எழுவது இங்கே வழக்கம். அது வராததால் ஒருவரும் எழவில்லை.

முடிந்ததும் முதல் பொன்னாடை அவளுக்கு, இரண்டாவது செல்லோவுக்கு, மூன்றாவது மைக்செட்காரருக்கு. செயலாளர் என்னிடம் வருகிறார்.

“வெளியூருங்களா?”

“ஆமாங்க. ரயிலுக்கு…”

“பரவால்ல, எந்திரிங்க.”

எனக்குத்தான் கைதட்டல் கொஞ்சம் அதிகம்.