எழுபத்து நாலு கிலோ

என் உடம்பின் எடையைப் பற்றி எழுத எனக்கு வெட்கமே இல்லை. ஒரு காலத்தில் ஒரு குப்பமே கூடி நின்று அதைப் பேசித் தீர்த்தாயிற்று. இனி மறைக்க என்ன இருக்கிறது?

எண்பதுகளின் தொடக்கம் அது. பழவேற்காட்டில் வாடகை வீடு, ஏரிக்கு அக்கரையில் ஒரு குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. தினமும் படகில் போய்ப் படகில் திரும்புவேன். முப்பத்தைந்து வயதிலேயே முட்டி வலி வந்துவிட்டது. மீஞ்சூரில் ஒரு டாக்டரிடம் போனேன். எடை மெஷினில் ஏறச் சொன்னார். எழுபத்தாறு கிலோ. "மாத்திரை வேண்டாம், அறுபத்தஞ்சுக்கு வாங்க, முட்டி தானா சரியாப் போயிடும்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். எந்தப் பண்டத்தில் எத்தனை கலோரி என்று அதில் போட்டிருந்தது. நாளொன்றுக்கு ஆயிரத்து நானூறு கலோரி, அதற்கு மேல் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி வரவேண்டும்.

அந்தத் தாளில் ஆப்பிள் இருந்தது, ஆடை எடுத்த பால் இருந்தது, வாட்டிய ரொட்டி இருந்தது. நண்டு இல்லை, இறால் தொக்கு இல்லை, மடவை மீன் குழம்பு இல்லை. ஏரிக்கரையில் இருக்கிறவள் ஆப்பிளுக்கு எங்கே போவேன்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எங்கள் ஊர்ச் சாப்பாட்டையெல்லாம் நானே குத்துமதிப்பாக எழுதிக்கொண்டேன்.

ஐம்பது கலோரிக்கு ஒரு புளியங்கொட்டை என்று வைத்தேன். காலையில் ஒரு டப்பாவில் இருபத்தெட்டு கொட்டை இருக்கும். சாப்பிடச் சாப்பிட அடுத்த டப்பாவுக்கு மாற்றுவேன். நாலு கொட்டையை மட்டும் தொடாமல் முந்தானையில் முடிந்து வைப்பேன். அது தம்ரூட்டுக்கு. பஜாரில் ஒரு பாய் கடையில் ரவையும் நெய்யும் சர்க்கரையுமாகக் கிளறி, மேலே சிவக்கச் சிவக்க வேகவைத்துத் தருவார்கள். இரண்டு விரல் அகலத் துண்டுக்கு நாலு கொட்டை என்பது என் தீர்ப்பு. தம்ரூட்டை விட்டுவிட்டுத்தான் இளைக்க வேண்டும் என்றால் அந்த இளைப்பே எனக்கு வேண்டாம். என் வீட்டுக்காரர், "கொட்டைய எண்ற நேரத்துல ரெண்டு தெரு நடந்திருக்கலாம்" என்பார். அவருக்கு அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

வாராவாரம் எடை பார்க்க மீஞ்சூருக்கா ஓட முடியும்? பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு இறால் ஷெட் இருந்தது. அங்கே இறாலை வாங்கி ஐஸ் போட்டு மெட்ராசுக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவர், ஆள் ஏறி நிற்கிற அளவுக்கு ஒரு மேடைத் தராசு வைத்திருந்தார். முதல் சனிக்கிழமை அதில் ஏறினேன். எழுபத்தாறு. டாக்டர் சொன்ன அதே கணக்கு. சரி, நம்பலாம் என்று அதையே பிடித்துக்கொண்டேன்.

அந்த ஷெட்டுக்கு இறால் கொண்டுவருகிறவர்களில் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளும் இன்னும் ஆறு பேரும் விடிவதற்குள் ஏரியில் இறங்கிவிடுவார்கள். வலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, அடிச் சேற்றைக் கையால் தடவித் தடவியே இறாலைப் பிடித்து, பல்லில் கவ்விய பறி என்கிற பனையோலைக் கூடையில் போடுவார்கள். கரையேறியதும் ஏழு பறியையும் ஒன்றாகக் கொட்டி, அக்கா கையால் அள்ளி ஏழு கூறு வைப்பாள். தராசே வேண்டாம். ஒரு கூற்றைத் தூக்கி, "ரெண்டேகால்" என்றால் ஷெட்டில் ரெண்டேகால்தான் நிற்கும். அந்தக் கையை வைத்துத்தான் அவளுக்கு அந்தக் கூட்டத்தில் மரியாதை. அவள் கூறு போட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

என்னைப் படகிலிருந்து இறக்கிவிடுவதும் அந்தக் கைதான். முழங்கால் தண்ணீரில், வழுக்குகிற சேற்றில் இறங்க வேண்டும். என் முட்டிக்கு அது ஆகாது. அக்கா இடுப்பில் கை கொடுத்து ஒரே தூக்கில் என்னைக் கரைப்பக்கம் வைத்துவிடுவாள்.

மூன்றாவது வாரம் தராசு எழுபத்து நாலு காட்டியது. அப்புறம் எழுபத்திரண்டு. பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அன்றைய கொட்டை எல்லாம் காலி, மறுநாள் கொட்டையும் காலி. அந்த வாரமும் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இளைப்பதன் ரகசியமே தின்பண்டத்தில்தான் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்காத குறையாகப் பேச ஆரம்பித்தேன். கூட வேலை பார்த்த டீச்சர்கள் புளியங்கொட்டை சேர்த்தார்கள். இரண்டு ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தால் மூச்சு விட முடியவில்லை. தையற்காரருக்கு அளவெடுக்கவே தெரியவில்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

அதே வாரங்களில் அக்காவின் கை தவற ஆரம்பித்தது. "ரெண்டேகால்" என்பாள், தராசு இரண்டு என்னும். "மூணு" என்பாள், ரெண்டே முக்கால்கூட நிற்காது. முதலில் சிரித்தார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். "வயசாவுதுல்ல, கை மரத்துப் போயிருக்கும்" என்றார் ஏஜென்ட், ரொம்பக் கரிசனமாக. நானும் என் பங்குக்கு, "இந்த வருஷம் இறாலும் கலோரி எண்ணுது போல" என்று சொல்லி வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா பறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கூட்டத்தில் ஒருவர், கூறு போடும் வேலையை ஏஜென்டே தராசில் செய்யட்டும் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

ஒரு நாள் காலையில் அக்கா என்னைப் படகிலிருந்து தூக்கி இறக்கிவிட்டு நின்றாள். "இன்னா டீச்சரம்மா, எளச்சிட்டன்னு ஊரே சொல்லுது. என் கைக்கு நீ அப்டியேதான கீற" என்றாள். கேலி இல்லை, உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "உன் கைதான் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களேக்கா" என்றேன்.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து என் படகுப் பக்கம் வரவில்லை. நானே இறங்கினேன். இரண்டாம் நாள் சேற்றில் உட்கார்ந்தே விட்டேன். பிள்ளைகள் முன்னால் அன்று முழுக்க ஈரப்புடவையோடு பாடம் நடத்தினேன். அப்போதும் எனக்கு அவள்மேல்தான் கோபம்.

மூன்று மாதம் முடிந்தது. ஷெட்டுத் தராசில் அறுபத்தைந்து. இரண்டு துண்டு தம்ரூட் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, ஜெயித்த மிதப்பில் மீஞ்சூருக்குப் போனேன். டாக்டர் மெஷினில் ஏறினேன். எழுபத்து நாலு.

"உங்க மெஷின் கெட்டுப்போச்சு டாக்டர்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நேரே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே காசு போட்டால் விளக்கெல்லாம் சுற்றி அட்டை தள்ளுகிற எடை மெஷின் இருந்தது. எழுபத்து நாலு. செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு காசு போட்டேன். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்று. மூன்று அட்டையிலும் எழுபத்து நாலு. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு துண்டு தம்ரூட்டையும் ஒரே மூச்சில் தின்றேன்.

திரும்புகிற பஸ்ஸில் ஏஜென்டைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஏரி கண்ணில் பட்ட பிறகுதான் புத்தியில் உறைத்தது. அந்தத் தராசு குறைத்துக் காட்டியது என்னை மட்டுமா? என் கைக்கு நீ அப்படியேதான் இருக்கிறாய் என்று சொன்ன கையைப் போய் என்ன சொன்னேன் நான்?

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. சொன்னால் எழுபத்து நாலைச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் அடித்த தம்பட்டம் மொத்தமும் நாறிப்போகும். நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஷெட்டுப் பக்கம் அக்கா தன் கூட்டத்திடம், "நாளயிலேர்ந்து நான் வர்ல. மீஞ்சூராண்ட சித்தாளு வேல கீதாம், போறேன். கை போன பிறவு ஏரில இன்னா பண்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஷெட்டுக்குள் போய்த் தராசில் ஏறி நின்றேன்.

ஏஜென்ட் கல்லை நகர்த்தினார். "அறுபத்தஞ்சுதான் டீச்சர். பூ மாதிரி ஆயிட்டீங்க."

"எழுபத்தி நாலு" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "டாக்டர் மெஷின்ல எழுபத்தி நாலு. ரயில்வே மெஷின்ல எழுபத்தி நாலு. மூணு தடவ ஏறினேன்." அட்டைகளை நீட்டினேன்.

ஏஜென்ட் சிரித்தார். "டீச்சர் மீஞ்சூர்ல பிரியாணி ஒரு பிடி பிடிச்சிருப்பாங்க. வாய்க்கு ருசியா தின்னுட்டு என் தராச சொன்னா எப்படி?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் காது மடல்வரை சூடேறியது. நானே பரப்பிய புகழ், என் தலையிலேயே விடிந்தது.

அப்போது வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இன்னா நைனா சிரிக்கிறீங்கோ? பொம்பள தன் எடைய பொய் சொன்னா கொறச்சி சொல்லுவாளா, ஏத்தி சொல்லுவாளா?"

சிரிப்பு நின்றுபோனது. ஆம்பளைகளுக்குக்கூட அது விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துப் புது அறைக்கு வந்திருந்த சிமென்ட் மூட்டை ஒன்றை, தையல் பிரிக்காமல் இரண்டு பேர் தூக்கி வந்து தராசில் வைத்தார்கள். மூட்டைமேல் ஐம்பது கிலோ என்று அச்சடித்திருந்தது. தராசு நாற்பத்து நாலு காட்டியது.

"உப்புக் காத்துல தேஞ்சிருக்கும்" என்றார் ஏஜென்ட். கொஞ்சம் கொஞ்சமாக, வாராவாரம் தேய்ந்த அதிசயத் தராசு. அதைப் பற்றி நடந்த சண்டை தனிக்கதை. அடுத்த வாரம் புதுத் தராசு வந்தது, புது ஏஜென்டும் வந்தார்.

மூட்டையை வைத்துப் பார்த்த அன்றைக்கே கூட்டத்தில் ஒருவர், ஏஜென்டே கூறு போடட்டும் என்று முதலில் சொன்னவர்தான், இறாலை மொத்தமாக அக்காவின் முன்னால் கொட்டினார். அக்கா தொடவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

நான் பக்கத்தில் போய், "நான் சொன்னது தப்புக்கா" என்றேன்.

"நீ சொன்னதுல இன்னா கீது டீச்சரம்மா" என்றாள். "ரெண்டு மாசமா என் கைய நானே நம்பலியே."

அக்கா குனிந்து, அள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஏழு கூறு. எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றிலிருந்து இரண்டு இறாலை எடுத்து இன்னொன்றில் போட்டாள். ஏழு பேரும் அவரவர் கூற்றை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் நிறுத்துப் பார்க்கவில்லை.