குழாயடியில் லேப் அக்கா

"அவ்ளோதான், அவ்ளோதான்... முடிஞ்சுது கண்ணு" என்று கேமராவோடு சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு கொஞ்சுகிறார். எதிரே இருப்பது குழந்தை அல்ல. சரணாலயத்தின் ஒழுகும் குழாயடியில் ஈரமண்ணை உறிஞ்ச வந்த நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தே ஓய்வு பெற்றவர் அவர். கைக்குழந்தையின் நரம்புகூட முதல் குத்திலேயே அகப்படுமாம். வேலை போனாலும் ஊசி குத்தும்போது கொஞ்சும் அந்தப் பேச்சு போகவில்லை.

எங்களுக்கெல்லாம் லேப் அக்கா. டாக்டர் விரட்டியதால் இங்கே நடக்க வரும் என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கு, நடக்காமல் நிற்க நல்ல சாக்கு. முழங்காலில் பழைய ரப்பர் செருப்பை அறுத்துத் தைத்த பட்டை, தலையில் கணவரின் தொப்பி. கோடை வெயில் மண்டையைப் பிளந்தாலும் நகர மாட்டார். கேமராவுக்கு ஸ்டாண்ட் வாங்கலாமே என்றேன் ஒருமுறை.

"மூணு காலை விரிக்கிறதுக்குள்ள ஆறு கால் பறந்துடும், போங்க" என்றார்.

பூச்சியின் பெயரைக் கேட்டால் கோபம் வரும். "ஆயுசு பூரா டியூப்ல பேர் எழுதியாச்சு. இதுங்களாவது பேர் இல்லாம இருக்கட்டுமே."

கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வாய் ஓயாத மனிதர். பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "மெதுவா... லெஃப்ட்ல ஒடி... அவசரப்படாதே" என்று மனைவிக்கும் பாடம் நடத்துவார். பூச்சி பறந்துவிடும். அக்கா திரும்பி ஒரு முறை முறைப்பார். அடுத்த நிமிடமே பெஞ்சிலிருந்து மறுபடி குரல் வரும்.

இந்தக் கோடையில் படங்கள் கலங்கலாக வர ஆரம்பித்தன. "காத்து" என்றார் அக்கா. ஓர் இலைகூட ஆடவில்லை. அவருடைய வலது கைதான் ஆடியது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா கேமராவைப் பூட்டி வச்சிடுவார். இதுவும் இல்லன்னா நான் என்னதான் பண்றது?"

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பார் என்று தோன்றியது எனக்கு.

நேற்று, போன கோடையிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த பூச்சி குழாயடிக்கு வந்தது. இறக்கையை மடித்தால் காய்ந்த இலையேதான். அக்கா மண்டியிட்டு கேமராவைத் தூக்கினார். கை உதறியது. இறக்கினார். இன்னொரு முறை தூக்கினார். முன்னைவிட அதிகமாக உதறியது.

பெஞ்சில் சத்தமே இல்லை. மாஸ்டர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூனை மாதிரி நடந்து வந்து, அக்காவுக்கு முன்னால் முதுகைக் காட்டிச் சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சலவை மடிப்புக் கலையாத பேன்ட்.

"தோள்ல வை" என்று கிசுகிசுத்தார்.

"எதுக்கு?"

"நீ டீ கொட்டின மேசைத் துணியைத் தினம் துவைக்கிறது யாரு? நான்தானே? வை."

அக்கா முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவை அந்தத் தோளில் சாய்த்தார்.

சேற்றிலிருந்து ஒரு கட்டெறும்பு மாஸ்டரின் சட்டையில் ஏறி, பின்கழுத்துக்குப் போய், காதைச் சுற்றி, கன்னம் வழியாக மீசைக்குள் நுழைந்தது. மாஸ்டர் கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.