சனோபர் அக்கா கண்ட அலைகள்

தாஷ்கண்டில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சனோபர் அக்காவின் அறைப்பக்கம் போனால் பூனைபோல நடக்க வேண்டும். தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். அவருடைய விசை நுண்ணோக்கி கண்ணால் பார்ப்பதில்லை. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய ஊசிமுனை பாலிமர் படலத்தை வரிவரியாகத் தடவிப் போகும், மேடுபள்ளம் திரையில் எழும். ஊசிக்கும் அக்காவுக்கும் ஒரே சுபாவம். சின்ன ஆட்டம்கூட ஆகாது.

பட்டுப் புரதத்தையும் பருத்திச் செல்லுலோஸையும் கலந்து, காயத்தில் ஒட்டும் படலம் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் திரையில் அழகான, சீரான அலைகள். தேநீரை மறந்து அறை அறையாகப் போய்ச் சொன்னார். மாநாட்டுக் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தாயிற்று.

அவரோடு படித்த, பக்கத்து அறை எர்காஷ் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சனோபர், இஸ்திரி போட மறந்துட்டியா?”

“உன் வயித்தெரிச்சலை உன் ரூம்லயே வச்சுக்கோ.”

“படலத்தைக் கொஞ்சம் திருப்பி வச்சுப் பாரேன். அலையும் கூடவே திரும்பினா நானே உனக்குப் புலாவ் ஆக்கிப் போடுறேன்.”

நேரமில்லை என்றே அக்கா நாளைக் கடத்தினார். நேரம் இருந்தது, தைரியம்தான் இல்லை. பக்கத்து மேசைக்காரி எனக்குத் தெரியாதா? கடைசியில் ஒரு மாலை திருப்பினார். அலைகள் இம்மியும் திரும்பவில்லை. படலத்தில் இருந்தால்தானே திரும்பும்?

முகம் சுண்டிப்போயிற்று. பிறகு சுவரில் காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் எர்காஷின் பழைய குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. எர்காஷ் வீட்டுக்குப் போயிருந்தார். அக்கா நேரே போய் பிளக்கைப் பிடுங்கினார்.

மறுபடி ஊசி ஓடியது. அலைகள் போன இடத்தில் வட்ட வட்டமாகத் தீவுகள். அவற்றின்மேல் மட்டும் ஊசி ஒட்டிக்கொண்டு விட மறுத்தது. இரண்டு பொருளும் கலக்காமல் தனித்தனியே ஒதுங்கியிருந்தன.

“நான் நெனச்சது இல்ல,” என்றார் மெதுவாக. “ஆனா இது நெஜம்டி.”

காலையில் எர்காஷின் சத்தம் கூடத்தையே உலுக்கியது.

“சனோபர்! புலாவுக்குன்னு பெட்டியில வச்சிருந்த என் குதிரைக்கறி நாறிப்போச்சு!”

“உன் பொட்டி என் ஊசியை ஆட்டுச்சு.”

“ஒரு வார்த்தை போன்ல சொல்லக் கூடாதா?”

“சொன்னா, அலை பொய்யின்னு உங்கிட்ட ஒத்துக்கணுமே!”

எர்காஷ் சிரித்துவிட்டார். குளிர்பெட்டி மாடிப்படிக்குக் கீழே குடிபோனது. மாநாட்டுக்குத் தீவுகளின் படமே போனது. நன்றி கூறும் இடத்தில் அக்கா எர்காஷ் பெயரையும் போட்டிருந்தார், இருப்பதிலேயே சின்ன எழுத்தில்.