செத்துப்போன சர்வரும் தேவகி மேல் விழுந்த பழியும்

நெட்வொர்க் பராமரிக்கும் தொழிலுக்கு வந்து இருபது வருடமாகிறது. போன் அடித்து யாராவது நல்ல சேதி சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. இதே தொழிலில் இருக்கிற உங்களுக்கும் இது பழகியிருக்கும். இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு வேலையைப் பற்றி. அரைநாள் வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

வெறும் வயிற்றில் வந்தவர்

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், திண்டிவனத்தில் அதற்கு ஒரு கிளை. இடத்துக்கு ஒரு சர்வர். யார் யார் அங்கே வேலை செய்கிறார்கள், யார் எந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கலாம் என்கிற பட்டியல் இரண்டிலும் இருக்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள் திண்டிவனம் சர்வர் செத்துப்போனது. புதிதாக ஒன்றை வைத்தாயிற்று. ஆனால் பழையது சொல்லாமல் கொள்ளாமல் போனதால் அதன் பெயர் மட்டும் விழுப்புரம் சர்வரில் அப்படியே தங்கிவிட்டது. காலையில் திண்டிவனத்தில் யார் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அது முதலில் செத்ததைத் தேடிப் போகும். கால் மணி நேரம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுத்தான் உயிரோடு இருப்பதைக் கேட்கும்.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. 'நாளைக்கு வர்றேன்' என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவழியாகத் திண்டிவனம் போன காலையில், சர்க்கரை பார்க்க வந்த ஒரு நிலக்கடலை விவசாயி பதிவு மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் திறக்காமல் அவர் பெயரைப் பதிய முடியவில்லை, பதியாமல் ரத்தம் எடுக்க முடியாது. கையில் பைகளோடு வந்த என்னைப் பார்த்ததுமே ஆளைப் புரிந்துகொண்டார்.

"வெறும் வயித்துல வரச் சொன்னீங்க, வந்துட்டேன். கொல்லையில மல்லாட்டை புடுங்க ஆளு வந்து நிக்குது. உங்க பொட்டி முழிச்சிக்கிற வரைக்கும் என் வயிறு தாங்குமா சார்?"

சந்தனம் வைத்த கை

அந்தப் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவர் தேவகி. கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பதினோரு வருடமாகக் கிளையின் சாவி அவரிடம்தான். எப்போது போனாலும் "டீ சொல்லட்டுமா சார்?" என்பார். அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜையன்று ஆயுதங்களுக்கு ஓய்வு என்பது அந்தக் கிளையின் வழக்கம். தேவகிதான் ஒவ்வொன்றாக அணைப்பார். மைக்ராஸ்கோப், ரத்தம் சுற்றுகிற மெஷின், கம்ப்யூட்டர்கள், கடைசியாக சர்வர். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிப் பூட்டிவிட்டுப் போவார். மறுநாள் வந்து போடுவார். வருடா வருடம் எல்லாம் ஓடியது, இந்த வருடம் சர்வர் மட்டும் எழவில்லை. பூஜைக்கு முந்தின நாள் எடுத்த ரிப்போர்ட் மொத்தமும் அதோடு போயிற்று. வந்தவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு மறுபடி ஊசி போட வேண்டியதாயிற்று. நிலையத்தை நடத்துகிற டாக்டரம்மா போனில் காரணம் கேட்டபோது, "அணைச்சு அணைச்சுப் போட்டா டிஸ்க் போயிடும் மேடம்" என்று நான் ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கக்கூட இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து டாக்டரம்மா தேவகியை எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டாராம். இதைப் பக்கத்தில் இருந்த நர்ஸ் என்னிடம் மெதுவாகச் சொன்னபோது, தேவகி தலையைத் தூக்கினார்.

"நான் அத்தக் கும்புடத்தானே சார் அணைச்சேன்?"

பஷீர் பாய் வாய்விட்டுப் படித்தது

திண்டிவனத்தில் கோளாறைப் பார்த்தாயிற்று, ஆனால் பெயர் நீக்குகிற வேலையை விழுப்புரம் சர்வரில்தான் செய்ய வேண்டும். மறுநாள் நானும் பஷீர் பாயும் உட்கார்ந்தோம். பாய்க்குக் கோட்டக்குப்பம். வளைகுடாவில் பல வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்து என்னோடு சேர்ந்தவர். எங்களுக்குள் ஒரு முறை உண்டு: ஒருவர் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். ஒருமுறை வேறொரு ஆபீசில் உயிரோடு இருந்த சர்வரின் பெயரை நான் அழித்துவிட்டேன். அந்த ஆபீஸ் இரண்டு நாள் எழவில்லை. அன்றிலிருந்து இந்த முறை.

செத்துப்போன சர்வரின் பெயர் ஒரே இடத்தில் மட்டும் இருக்காது. ஆபீஸ் பட்டியலில் ஒன்று, முகவரிப் பட்டியலில் நாலைந்து, கிளைகளின் பட்டியலில் ஒன்று. படித்துப் படித்து அழித்துக்கொண்டே வந்தோம். கடைசியாக எச்சரிக்கைப் பதிவுகள். எந்த மெஷினுக்காவது உடம்பு சரியில்லை என்றால் விழுப்புரம் சர்வர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், ஒரு மெயிலும் அனுப்பும். பாய் வழக்கம்போலச் சத்தமாகப் படித்தார்: "திண்டிவனம் சர்வர். டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கிறது. உடனே மாற்றவும்." அடுத்ததும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான். முதல் எச்சரிக்கை ஆடி மாதத்தில் வந்திருந்தது, பூஜைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் முன்னால். ஒவ்வொன்றும் போன முகவரி என்னுடையது. தினம் தினம் வருகிற தொல்லை மெயில் என்று அவற்றையெல்லாம் கண்ணில் படாத ஒரு மூலைக்குப் போகும்படி நானேதான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.

பாய் படிப்பதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இதையும் சேத்து எடுத்துடறதுதான் வழக்கம். நான் தொழுகைக்குப் போய்ட்டு வந்துடறேன்ணா, நீங்க ஜல்தி பண்ணிக்காம யோசிச்சுக்கினு இருங்க."

அழிக்கவா வேண்டாமா

வெள்ளிக்கிழமை மதியம் அது. பாய் போன பிறகு அந்த அறையில் நானும் சர்வர் விசிறிச் சத்தமும்தான். 'இந்தப் பதிவுகளை நிரந்தரமாக அழிக்கவா?' என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. நான் செய்ய வந்த வேலையே அதுதான். அழித்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அழிக்காவிட்டால் அந்த நிலையத்தின் வேலை என் கையை விட்டுப் போகும், விழுப்புரத்தில் பேச்சும் பரவும். தேவகிக்கு என்ன, வேறு எங்கேயாவது வேலை கிடைக்கும் என்று மனசு எனக்கு வக்காலத்து வாங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு தடவை மவுஸைக் கையில் எடுத்தேன்.

கடைசியில் வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடியில் இருந்த டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். தைரியம் என்றெல்லாம் நினைக்காதீர்கள், பாய் திரும்பி வந்து என் முகத்தைப் பார்ப்பாரே என்கிற பயம். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தார். "இது யாருக்கு வந்த மெயில்?" என்றார். "எனக்குத்தான் மேடம்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தாள்களை அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க சொன்னதை நம்பி அந்தப் பொண்ணை நான் எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சுக் கேட்டேன். நாளைக்கு நானும் வர்றேன், நீங்களும் எல்லார் முன்னாலயும் நின்னு இதைச் சொல்லுங்க."

எல்லோர் முன்னாலும்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திண்டிவனம் கிளை நிறைந்திருந்தது. கம்ப்யூட்டர்கள் போட்ட வேகத்தில் திறந்தன. பெயர் நீக்கிய வேலை சுத்தமாக இருந்தது, அதைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் முடியவில்லை. டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டார். டிஸ்க் ஆடியிலேயே போய்க்கொண்டிருந்தது, அணைத்ததால் சாகவில்லை, எச்சரிக்கை எனக்கு வந்தது, நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். நாலு வாக்கியம்தான். "வேலைய விட்டு நிக்க வேணாம்மா, என் மேலயும் தப்பு" என்று டாக்டரம்மா தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தேவகி அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. வரிசையில் இருந்தவருக்கு டோக்கன் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என் கை ராசியில்லாத கைன்னு மூணு வாரமா வீட்ல வெளக்கே ஏத்தல சார் நானு, எம்பொண்ணதான் ஏத்தச் சொல்லிக்கினு இருக்கேன். அத்த எந்தக் கம்ப்யூட்டர்ல போய் சரி பண்ணுவீங்க?"

ஒரு சர்வரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது, ஒருத்தர் மேல் போட்ட பழியை எடுக்கிற வேலை மட்டும், சக தொழிலாளிகளே, இன்னும் முடிந்தபாடில்லை.